ராஜபார்ட்டுக்கு விட்ட இடம்

முத்துப்பேச்சி பாடிக்கொண்டே இருப்பாள், சட்டென்று நிறுத்திவிடுவாள். ஓய்வது வாய் மட்டும்தான். கை அதுபாட்டுக்குக் காகிதத்தில் பசை தடவி, கம்பியில் சுற்றி, வெடிக்குழாய் உருட்டிக்கொண்டிருக்கும். சற்றுப் பொறுத்து வேறோர் அடியை எடுப்பாள்.

அச்சாபீசிலிருந்து லேபிள் கட்டோடு நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிக்கு முதல்முறை போனபோது, "என்னம்மா, பாட்டு மறந்துபோச்சா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"மறக்கவா? இப்ப அண்ணன் பாடுறாகல்ல. அவுக முடிச்சாத்தான நான் பதில் பாட முடியும்?"

அண்ணன் என்பது சங்கிலிமுத்து. ரங்கூன் தமிழர் நாடகங்களில் அவர் ராஜபார்ட், இவள் ஸ்திரீபார்ட். மேடையில் காதலர்களாகப் பாட்டிலேயே தர்க்கம் செய்வார்கள். இறங்கினால் அண்ணன், தங்கச்சி. அறுபத்து நாலில் பர்மாவை விட்டுக் கப்பலேறியபோது நாடக செட்டு சிதறிவிட்டது. ஆர்மோனியக்காரர் எந்த ஊருக்குப் போனாரோ, இன்றுவரை தெரியவில்லை.

கம்பெனியில் அவளுக்கு 'ரங்கூன் ராணி' என்று பட்டப்பெயர். கோபித்துக்கொள்ள மாட்டாள். மேடைப் படியே இல்லாத இடத்திலும் சேலைக் கொசுவத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துத்தான் நடப்பாள். பர்மாக்காரிகளைப் போலக் கன்னத்தில் மரப்பட்டையை அரைத்துப் பூசுவாள். கொண்டுவந்த பட்டை தீர்ந்தபிறகு சந்தனம்.

இந்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு நாடகம் வைக்கச் சொல்லி, விழாக் கமிட்டி உக்கிரபாண்டி வீட்டுக்கு நடையாய் நடந்தாள். அவர் சலித்துப்போய், "ராஜபார்ட்டைக் கூட்டிட்டு வாங்க, மேடை போட்டுத் தாரேன். இல்லேன்னா திரை கட்டிப் படந்தான்" என்று சொல்லிவிட்டார். வேறு ராஜபார்ட் யாரையும் இவள் ஒப்பவில்லை. சங்கிலிமுத்து ஆமத்தூர் டூரிங் சினிமாக் கொட்டகையில் வேலை பார்ப்பதாக ஒரு லாரிக்காரர் துப்புக் கொடுத்தார். சேதி கொண்டுபோனவன் நான்.

சங்கிலிமுத்து கம்பெனிக்கே வந்துவிட்டார். பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். முத்துப்பேச்சிக்கு வாங்க என்று சொல்லக்கூடப் பொறுமையில்லை. பார்த்ததும் தன் கேள்வியைப் பாடி நிறுத்தினாள்.

அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"தெனமும் வண்டியில உக்காந்து, தகரக் குழாயில படத்துப் பேரைக் கத்திக் கத்தித் தொண்டை போச்சு தாயி" என்று கிசுகிசுத்தார். "ஒங்கிட்ட வந்து சொல்லத்தான் கூசிக்கிட்டுக் கெடந்தேன்."

எனக்குத் தாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள், "சாப்பிட்டீகளாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். பஸ் ஏற்றிவிட்டு வந்து மறுபடி பசையில் கை வைத்தாள்.

பொங்கலுக்குப் படம் போட்டார்கள். நல்ல கூட்டம்.

அடுத்த வாரம் லேபிளோடு போனேன். முத்துப்பேச்சி தன் அடியைப் பாடி நிறுத்தினாள். நானும் அந்த இடைவெளிக்குப் பழகிப்போயிருந்ததால் காத்திருந்தேன். இந்தத் தடவை கையும் நின்றது. குழாயைக் கீழே வைத்தாள். நெஞ்சை நிமிர்த்தி, குரலை நன்றாக இறக்கி, அண்ணனின் பதிலைத் தானே பாடத் தொடங்கினாள்.