ஒன்பது கொடுத்த வண்டி

அன்றைக்குக் காரில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

நான். மாமல்லபுரம் போகிற ரோட்டில் கடலோரமாக உள்ள ஒரு ரிசார்ட்டில் தண்ணீர் மோட்டார் போடுகிறவன்.

என் மனைவி. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. சர்க்கரை உண்டு.

அவளுடைய அண்ணன். செங்கல்பட்டில் ஒரு ஆபீசில் டிரைவர். அந்தக் காரை எங்களுக்கு விற்றவர் அவர்தான்.

மெக்கானிக். கடப்பாக்கத்தில் ஷெட் வைத்திருக்கிறவர்.

மனைவியின் ஒயர் கூடை. அதை ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் அது இல்லாமல் அவள் எங்கும் போனதில்லை. சாப்பாட்டு டப்பா, தண்ணீர், மாத்திரை, குடை எல்லாம் அதில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து கிளம்பினோம். எதற்காக என்றால், கார் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று பார்க்க. இது ஒரு வேலையா என்று கேட்கலாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய வேலை இல்லை.

என் அப்பாவும் அம்மாவும் செய்யூர்ப் பக்கம் அடுத்தவர் கழனியில் நடவு நட்டவர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கார் இது. வெள்ளை நிறம். பெட்ரோல். ஏழு வருஷம் மச்சானிடம் இருந்தது. அவர் வண்டியைத் துடைக்க ஒரு துணி, துடைத்த துணியைத் துடைக்க ஒரு துணி வைத்திருந்தார். உள்ளே யாரும் சாப்பிடக் கூடாது. பை எதுவாக இருந்தாலும் டிக்கியில். வண்டியைக் கொடுக்கும்போது சொன்னார்.

“பதினாறுக்குக் கம்மியா குடுத்தா என்னைக் கேளு மாப்ள.”

வாங்கி வந்ததும் பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். ஒரு வசன ஸ்டிக்கர் கொடுத்தார். கண் முன்னால் இருக்கட்டும் என்றார். முன் கண்ணாடியில் டோல் ஸ்டிக்கரும் மச்சானின் ஆபீஸ் பாஸும் இருந்தன. இடமில்லை. மீட்டர் கண்ணாடியின் கீழ்ப்பக்கம் ஒட்டினேன். வேக முள் தெரிந்தது. பெட்ரோல் முள் தெரிந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

எங்கள் மகள் கூடுவாஞ்சேரியில் ஒரு லேபில் வேலை செய்கிறாள். ஹாஸ்டலில் இருந்தாள். சனிக்கிழமை தோறும் நானும் மனைவியும் காரில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் துணி எடுக்க, ஆட்களைப் பார்க்க என்று அலைச்சல் இருந்தது. நான் மோட்டார் ரூமில் எத்தனை மணிக்குப் போட்டேன், எத்தனை மணிக்கு நிறுத்தினேன் என்று நோட்டில் எழுதுகிறவன். அந்தப் பழக்கத்தில் காருக்கும் ஒரு நோட்டு போட்டேன்.

முதல் வாரம் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர். அடுத்த வாரம் ஒன்பது. அதற்கடுத்த வாரம் எட்டே முக்கால்.

மெக்கானிக்கிடம் விட்டேன். ஏர் ஃபில்டர் மாற்றினார். பிளக் மாற்றினார். டயரில் காற்று பார்த்தார். நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் லேசாகச் சுற்றின. தானே ஒரு நாள் எடுத்துக்கொண்டு மரக்காணம் வரை போய் வந்தார்.

“அண்ணாத்த, வண்டில ஒன்னியும் இல்ல. பதினாறு குடுக்குது.”

“எனக்கு ஒன்பதுதான் கொடுக்கிறது.”

“அப்ப அது உன்னைப் பார்த்தா குடிக்குது.”

வீட்டுக்கு எடுத்து வந்தேன். சனிக்கிழமை போய் வந்தோம். ஒன்பது.

நான் எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். மனைவி இருக்கவில்லை. அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மோட்டார் ரூமில் பதினெட்டு வருஷம் இருந்ததில் எனக்குக் காது பாதி போய்விட்டது. ஆனாலும் அது முழுக்கக் கேட்டது.

“கூடப் பொறந்தவ தலையிலயே ஓட்டை வண்டியக் கட்டிட்ட இல்ல? வெளிய வித்தா எவனும் வாங்க மாட்டான்னுதான எங்க வூட்டுல தள்ளிவுட்ட?”

அவர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அண்ணனும் தங்கையும் பேசவில்லை.

இந்த இரண்டு மாதத்துக்குள் மகளுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. நிச்சயத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. எங்கள் பக்கம் நிச்சயத்தன்று பெண்ணைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வருவது தாய்மாமன். அப்பன் கூட இல்லை. தாய்மாமன் உயிரோடு இருந்து வராமல் போனால் மாப்பிள்ளை வீட்டார் காரணம் கேட்பார்கள். கார் மைலேஜ் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது.

மகளுக்கு இருப்பது ஒரே மாமன்.

நான் செங்கல்பட்டு போய் அவரைப் பார்த்தேன். பஸ்ஸில் போனேன். காரில் போகவில்லை. வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

“இன்னா மாப்ள, என் வண்டி பெட்ரோல் குடிக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறீங்களாமே?”

“ஊரில் சொல்லவில்லை மச்சான். நோட்டில் எழுதியிருக்கிறேன்.”

“நோட்டுல எழுதிட்டா நெஜமா? நான் திருடனாயிட்டேன். திருடன் வந்து பொண்ணு கையப் புடிக்கலாமா? வேற மாமனப் பாத்துக்கச் சொல்லு.”

“வேறு மாமன் இல்லையே.”

அவர் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“ஒன்னு பண்ணு. எல்லாரும் வண்டில ஏறுவோம். உன் மெக்கானிக்கும் வரட்டும். ஃபுல் டேங்க் போட்டு நான் ஓட்டறேன். அப்பறம் நீ ஓட்டு. என் வண்டி மேல தப்புன்னா நான் வந்து உங்க வூட்டு வாசல்ல மன்னிப்புக் கேக்கறேன். இல்லன்னா உன் பொண்டாட்டி கேக்கட்டும். கேட்டாதான் நிச்சயத்துக்கு வருவேன்.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி, “நானா? நான் எதுக்குக் கேக்கறேன்?” என்றாள். பிறகு, “எப்ப வர்றானாம்?” என்றாள்.

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கூடையும் ஏறினோம்.

கடப்பாக்கம் பங்கில் பெட்ரோல் போட்டோம். மெஷின் தானாக நின்ற பிறகு மச்சான் வண்டியைப் பின்னால் பிடித்து ஆட்டினார். மெக்கானிக் அந்தப் பக்கம் ஆட்டினார். இன்னும் கொஞ்சம் இறங்கியது. பங்குக்காரர், “சாமி வந்துடுச்சா வண்டிக்கு?” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மச்சான் ஓட்டினார். நான் அவர் பக்கத்தில். மனைவியும் மெக்கானிக்கும் பின்னால். மனைவி கூடையோடு ஏறப் போனாள்.

“டிக்கில போடு,” என்றார் மச்சான். இரண்டு மாதத்தில் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“என் வண்டி இது,” என்றாள். ஆனால் டிக்கியில் வைத்தாள்.

கல்பாக்கம் தாண்டி மாமல்லபுரம் வரை அறுபதிலேயே போனார். மணல் லாரி முந்தியது. ஷேர் ஆட்டோ முந்தியது. அவர் கண்டுகொள்ளவில்லை. மாமல்லபுரத்துக்கு முன்னால் ஒரு பங்கில் மறுபடி ஃபுல் பண்ணினோம். மறுபடி ஆட்டினோம். நான் நோட்டை எடுத்தேன்.

நாற்பத்தெட்டு கிலோமீட்டர். மூன்று லிட்டர். பதினாறு.

மச்சான் நோட்டைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்தாள். அங்கிருந்து கடல் தெரியாது. சவுக்குத் தோப்புதான் தெரியும்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். மச்சானும் மெக்கானிக்கும் பின்னால். மனைவி வழக்கம்போல முன்னால். மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. அவளுக்கு நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். டிக்கியிலிருந்து கூடையை எடுத்து வந்தாள். மச்சான் வாயைத் திறந்தார். மெக்கானிக் அவர் தொடையைத் தட்டினார். மச்சான் வாயை மூடிக்கொண்டார்.

அவர் ஓட்டியபடியே அறுபதில் ஓட்டினேன். ஏசி போடவில்லை. கிளட்சில் கால் வைக்கவில்லை. இதைவிட ஒழுங்காக நான் எதையும் செய்ததில்லை. கடப்பாக்கம் வந்து அதே பங்கில் நிறுத்தினேன். காலையில் இருந்த அதே ஆள். பெட்ரோல் போனது. போய்க்கொண்டே இருந்தது.

நாற்பத்தெட்டு கிலோமீட்டர். ஐந்து லிட்டர் முப்பது. ஒன்பது.

“போன ரோடேதான் வந்தோம்,” என்றார் மெக்கானிக்.

“வண்டி என்னுது,” என்றார் மச்சான். “காலு உன்னுது.”

நோட்டில் எழுதினேன். என் கையால் எழுதியதை நானே மறுக்க முடியாது. தப்பு என் மேல் என்றால் ஒரு வகையில் நல்லது. நான் மன்னிப்புக் கேட்டுவிடலாம். எனக்கு அதில் கஷ்டம் இல்லை. மச்சான் மகளின் கையைப் பிடிக்க வருவார். அப்படித்தான் நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

மனைவி எனக்கு முன்னால் இறங்கிக் கூடையை எடுத்தாள்.

மெக்கானிக் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

“இன்னா நாத்தம் இது?”

“கருவாடு,” என்றேன். எங்கள் பக்கம் எந்த நாற்றத்துக்கும் முதலில் அதைத்தான் சொல்வோம்.

“கருவாடு இல்ல அண்ணாத்த.” சக்கரத்தின் நடுவில் கையை வைத்தார். உடனே எடுத்து உதறினார். “சுடுது. தோசை ஊத்தலாம். பின்னாடி ரெண்டும் பிரேக் புடிச்சிகினே வந்துகீது.”

“நீதானே சுற்றிப் பார்த்தாய்?”

“ஷெட்ல நல்லாதான சுத்துச்சு.”

அவர் முன் கதவு வழியாகத் தலையை நீட்டினார். ஹேண்ட்பிரேக்கைப் பார்த்தார். அது பாதி தூக்கியபடி நின்றது.

“இத்த யார் தூக்கினது? இப்பத்தான் வந்து நிக்கிறோம். அண்ணாத்த இன்னும் போடவே இல்லியே.”

“நான்தான்,” என்றாள் மனைவி. “கூடை மாட்டறதுக்கு.”

“இன்னாது?”

“அது படுத்துக்கினு இருந்தா கூடைக் காது நிக்காது. நழுவிப் போய் சாஞ்சிடும். கொழம்பு கொட்டிடும். கொஞ்சம் தூக்கி வெச்சா கொக்கி மாதிரி நிக்கும். வண்டி கெளம்பனதும் ரெண்டு இழுப்பு இழுத்து மாட்டிக்குவேன். எறங்கும்போது எடுத்துக்குவேன்.”

பங்குக்காரரும் வந்து கூடையை எட்டிப் பார்த்தார்.

“தெனம் இப்படியா?” என்றார் மெக்கானிக்.

“தெனம் எங்க போறோம்? சனிக்கெழமைக்கு சனிக்கெழமை.”

“இழுத்தா டக் டக்குனு சத்தம் வருமே அண்ணாத்த, பின்னாடி எங்களுக்குத்தான் காத்து எரைச்சல், உனக்குக் கேக்கல?”

“என்ன?” என்றேன். எனக்கு அதுவே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். வளையல் சத்தம் என்று நினைத்திருந்ததாகச் சொன்னேன்.

மச்சான் அதுவரை அசையாமல் நின்றார். பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். மீட்டரைக் குனிந்து பார்த்தார்.

“இதுக்கு ஒரு செவப்பு லைட்டு இருக்கு. எங்க அது?”

நான் ஸ்டிக்கரைப் பார்த்தேன். அவர் நகத்தால் வசன ஸ்டிக்கரின் ஓரத்தைத் தூக்கினார். கிழியாமல், கொஞ்சம் கொஞ்சமாக. அவர் எதையும் அப்படித்தான் செய்வார். ஸ்டிக்கர் வந்தது. அதற்குக் கீழே சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. எத்தனையோ சனிக்கிழமையாக அது அங்கே எரிந்திருக்கிறது.

“கர்த்தர் கையில குடுத்துட்டீங்க,” என்றார் மெக்கானிக்.

மச்சான் ஸ்டிக்கரை விரல் நுனியில் பிடித்தபடி தங்கையைப் பார்த்தார்.

“இப்ப இன்னா சொல்ற?”

“டிக்கில போடு டிக்கில போடுன்னு சொல்லத் தெரிஞ்சவன், எதுக்குன்னு சொல்லியிருக்கணும்.”

“எனக்கே தெரியாதேடி! சீட்டு அழுக்காவுதேன்னு சொன்னேன்.”

“அப்ப உனக்கும் தெரியல. எனக்கும் தெரியல. என்ன மட்டும் இன்னாத்துக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்ற?”

மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

நான் மன்னிப்புக் கேட்டேன். லைட்டை மறைத்தது நான். மச்சான், “உன்ன யாரு கேட்டா மாப்ள?” என்றார். அவர் கேட்டது அவளிடம்.

அவள் கூடையைக் காரின் பானெட் மேல் வைத்தாள். சூடாக இருந்தது. ஒரு துணியை மடித்துப் போட்டு அதன் மேல் வைத்தாள். டப்பாவைத் திறந்தாள். சோறு, சுறாப்புட்டு. மூடியில் பாதியைப் போட்டு அண்ணனிடம் நீட்டினாள். தனக்கு வேண்டியதில்தான் பாதி. சர்க்கரைக்காரி, நேரமும் ஆகிவிட்டது.

“சாப்பிடு. காலைலர்ந்து ஒன்னும் துன்னிருக்க மாட்ட. மூஞ்சியே சரியில்ல.”

அவர் வாங்கவில்லை. அவள் கையை இறக்கவில்லை. நான் நின்று பார்த்தேன். அவ்வளவு நேரம் அவள் எதையும் கையில் பிடித்து நின்றதில்லை.

“வண்டிக்குள்ள சாப்பிடக் கூடாதுன்னு சொன்ன இல்ல,” என்றாள். “வெளியதான குடுக்கறேன்.”

அவர் ஸ்டிக்கரை என்னிடம் கொடுத்துவிட்டு மூடியை வாங்கினார்.

மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் அன்றைக்கும் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து மூடியைக் கழுவிக் கொடுக்கும்போது, நிச்சயத்துக்கு என்ன கலர் சட்டை போட வேண்டும் என்று அவளிடம் கேட்டார். அவள் சந்தனக் கலர் என்றாள்.

ஸ்டிக்கரை மனைவியின் சீட்டுக்கு முன்னால் சாமான் வைக்கிற பெட்டியின் சின்னக் கதவில் ஒட்டினேன். அதுவும் கண் முன்னால்தான்.

நிச்சயத்தன்று காலையில் டேங்கை நிரப்பிக்கொண்டு மச்சானை அழைத்து வரச் செங்கல்பட்டுக்குப் போனேன். மனைவி பின்னால், கூடை மடியில். வரும்போது அவர் முன்னால் உட்கார்ந்தார். சந்தனக் கலர் சட்டை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஹேண்ட்பிரேக்கைக் கையால் அழுத்திப் பார்த்தார். மண்டபம் இருந்த செய்யூர் வரும்வரை அழுத்தினார். “அது இன்னும் எவ்ளோ கீழ போவும்?” என்று மனைவி பின்னாலிருந்து கேட்டாள்.

மண்டபத்தில் மகளின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தார். மெதுவாக நடந்தார். அறுபதில் ஓட்டியது மாதிரி. நான் கீழே நின்றேன். மனைவி அழுதாள். அவர் அவளைப் பார்க்காமலே போனார். அவர் கண்ணும் சரியில்லை.

சாயங்காலம் எல்லாம் முடிந்து, வீட்டுக்குப் போகிற வழியில் பங்கில் நிறுத்தி ஃபுல் பண்ணினேன். வண்டியை ஆட்டினேன். நோட்டை எடுத்தேன்.

தொண்ணூற்றாறு கிலோமீட்டர். ஐந்து லிட்டர் எண்பத்தைந்து.

பதினாறு புள்ளி நான்கு.