கிடங்குத் தரையில் ஓடுதளம்

விளையாட்டு உடை விற்கும் ஒரு கம்பெனிக்குக் கடைகளையும் அலுவலகங்களையும் வடிவமைப்பது என் வேலை. எண்ணூரில் அவர்கள் புதிய கிடங்கு திறந்தபோது, நம்ம பக்கம் வந்துவிட்டார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்து எர்ணாவூரில் எங்கள் அடுத்த வீட்டு அக்காவுக்கு அந்தக் கிடங்கில் பேக்கிங் வேலையும் வாங்கிக் கொடுத்தேன்.

கிடங்கின் உள்வடிவமைப்பும் என்னிடம்தான் வந்தது. வெறும் சிமெண்டுத் தரை. அலமாரிகளுக்கு நடுவே ஓட்டப்பந்தய மைதானம் போலச் சிவப்புத் தடங்கள் போட்டு, வெள்ளைக் கோடுகள் வரைய வைத்தேன். வேலை செய்யும் இடம் கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

சில மாதம் கழித்து அக்காவைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கால்ல இன்னாக்கா?"

"அந்தக் கோடு நீ போட்டதாமே? ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டானுங்க. சரக்க தூக்கிகினு அதுலயே ஓடணும். கடைசியா வர்றவ பேர போர்டுல எழுதுறான். முடியலம்மா, வேலைய வுட்டுட்டேன்."

மறுநாளே மேனேஜரிடம் போய்க் கோடுகளை அழிக்கச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"உங்க டிசைனால வேலை வேகமாயிடுச்சு மேடம். அடுத்த கிடங்குக்கும் இதே வேணும்."

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த வாரமே அதே வரைபடத்தை அனுப்பிவிட்டேன்.

புதுக் கிடங்கு திறக்கப்போகும் செய்தி தெரிந்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எம்பொண்ணுக்கு அங்க எதுனா வேலை இருக்காம்மா? சின்னப் பொண்ணு, நல்லா ஓடுவா."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.