அமிஷ் அப்பாவுக்கு மீசை இல்லை

மகள் பள்ளிக்கூடத்துக்காக எழுதிய கதையை அவளுக்குத் தெரியாமல் வாசித்தேன். மின்சாரமும் காரும் வேண்டாமென்று பண்ணைகளில் வாழும் கிறிஸ்தவர்களான அமிஷ் ஆட்களில் ஒரு பெண் படிக்கவென்று வீட்டைவிட்டுப் போகிறாள். அவளுடைய அப்பா மீசையை முறுக்கியபடி இரவிரவாக யன்னலடியில் நிற்கிறார். என் மகளுக்குப் பதினேழு வயது. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவளும் போகப் போகிறாளோ?

கதையில் பிழை இருக்கக்கூடாது, ஓர் அமிஷ் ஆளிடம் கேட்கவேண்டும் என்று அவள் சொன்னதும், நான் கூட்டிப்போகிறேன் என்றேன். போய்வரும் நேரத்தில் கேட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

"ஞாயிறு போவம், எனக்கு லீவு."

"ஞாயிறு அவை பண்ணையில ஒண்டும் விக்கமாட்டினம், அப்பா. ஆக்களும் பிஸி."

சனிக்கிழமை வேலையை மாற்றிக்கொண்டேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகலாமா? எங்கள் பக்கம், மல்வேர்ன் தமிழ்க் கடையில் ஒரு பெட்டி பொரித்த ரோல்ஸ் வாங்கினேன். போகும்போது இரண்டு மணித்தியாலமும் வாய் திறக்கத் துணிவு வரவில்லை.

முட்டை விற்கும் பலகை போட்ட பண்ணை ஒன்றில், என் வயதுப் பெண் ஒருவர் வாசலில் அப்பிள் சீவிக்கொண்டிருந்தார். மகள் விஷயத்தைச் சொன்னாள். ரோல்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, வாசி என்றார்.

மீசை வந்த இடத்தில் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். அவர்களுடைய ஆண்கள் கலியாணம் முடித்தால் தாடி விடுவார்கள், மீசை வைப்பதில்லையாம். மகள் எழுதிய தேவாலய மணியும் பிழை. வழிபாடு வீடு வீடாக மாறி நடக்குமாம். பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு படிப்பை முடிப்பதால் பல்கலைக்கழகமும் சரிவராது. மகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் அந்தப் பெண், யன்னலடியில் நிற்கும் இந்த அப்பா யார் என்று கேட்டார். விடியப் பால் கறக்கவேண்டிய மனிதர் அந்த நேரம் நித்திரையாகிவிடுவாராம்.

மகள் என் மீசையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பிறகு மூன்று பேரும் சிரித்தோம்.

சிரிப்போடு சிரிப்பாக, போகிற பிள்ளைகள் திரும்பி வருவார்களா என்று கேட்டேன். அவருடைய இரண்டாவது மகன் சபையில் சேர்வதற்கான ஞானஸ்நானம் எடுக்காமலே நகரத்துக்குப் போய்விட்டானாம். சாப்பாட்டுக்கு வருவான், அவனுடைய ட்ரக்கை மட்டும் அயலார் கண்ணில் படாமல் களஞ்சியத்துக்குப் பின்னால் நிற்பாட்டச் சொல்வேன் என்றார்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டேன். "பிள்ளை, நீ எங்கையும் போற யோசினையோ?"

அவள் கதைத்தாளை மடித்தாள். "ஹலிஃபக்ஸ் யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணப்போறன், அப்பா. உங்களிட்டச் சொல்லப் பயமா இருந்தது."

"அதுக்கு அமிஷ்காரரை ஏன் இழுத்தனீ?"

"எங்கட வீடெண்டு எழுதினா அம்மா உடனே கண்டுபிடிச்சிடுவா."

வலதுபக்கப் பாதைக்கு மாறி மெதுவாக ஓட்டினேன். ஹோர்ன் அடித்தவர்கள் அடிக்கட்டும்.

"எவ்வளவு தூரம்?"

"பிளேன்ல ரெண்டு மணித்தியாலம்."

"அங்க தமிழ்க் கடை இருக்கோ?"

ஃபோனில் தேடினாள். "ஒண்டு இருக்குப் போல."

"அடிச்சுக் கேள், எங்கட மிளகாய்த்தூள் வைச்சிருக்கினமோ எண்டு."

"அப்பா, நான் இன்னும் அப்ளையே பண்ணேல்லை."

"கேட்டு வை."

அவள் பெருமூச்சு விட்டபடி இலக்கத்தை அழுத்தினாள்.