எங்கே நிறுத்தித் தூங்குவீங்க?

என் அக்கா லாரி ஓட்டுகிறவள். இதைச் சொன்னால் உடனே, "அப்போ உங்க அத்தான் என்ன செய்யறார்?" என்று கேட்பார்கள். அத்தான் வீட்டில் தார்ப்பாய் தைக்கிறார், மகளுக்குத் தலை வாரி விடுகிறார், அக்காவைவிட நன்றாகச் சமைக்கிறார். போதுமா? அதற்கு மேல் கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். எனக்குக் கோபம் மட்டும்தான் வரும், வேறொன்றும் வராது. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். மெஷினில் சிக்கிய காகிதத்தை இழுத்து எடுப்பதோடு என் வீரம் தீர்ந்துபோகும். எங்கள் வீட்டுக்கு வந்த தைரியத்தை அவள் ஒருத்தியே மொத்தமாக எடுத்துக்கொண்டாள்.

பல வருஷம் தண்ணீர் டேங்கர் ஓட்டிக்கொண்டிருந்தாள். மேட்டுத் தெருக்களுக்கெல்லாம் குழாய் வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது, டேங்கர் முதலாளி வண்டிகளை விற்றுவிட்டார். அக்கா ஒரு துணிக்கடையில் பில் போட உட்கார்ந்தாள். ஒருநாள் அங்கே போயிருந்தபோது கவுண்டருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பில் முடியும்போதும் அவளுடைய இடது கால் தரையை ஒரு அழுத்து அழுத்தி விட்டது. அங்கே கிளட்ச் எதுவும் இல்லை. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் பச்சை வண்டி கம்பெனிக்குப் போய் வேலை கேட்டாள். தொலைதூரத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகிற கம்பெனி. மேனேஜர் அவளுடைய லைசென்ஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எங்ககிட்ட யார் சேர்ந்தாலும் முதல் டிரிப் ரெண்டாவது ஆளாத்தான் போகணும். எங்க டிரைவர் யாராவது ஒருத்தர், 'இவங்களை நான் கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லட்டும். அப்புறம் பார்க்கலாம்," என்றார்.

எந்த டிரைவரும் சொல்ல மாட்டான் என்ற நம்பிக்கையில் பேசிய பேச்சு. அவளுக்கும் அது புரிந்தது. துணிக்கடைக்காரர் வேறு, நிரந்தரமாக இருக்கிறாயா இல்லையா என்று நாளைக்குள் சொல்லிவிடும்படி கெடு வைத்திருந்தார். இன்றைக்கு ஒரு டிரைவர் சரி என்று சொல்லாவிட்டால் நாளை முதல் அந்தக் கவுண்டர்தான், அந்தக் கால்தான்.

ஊருக்கு வெளியே லாரிப் பேட்டைக்குப் போனோம். பகலில் பெரிய வண்டிகளை ஊருக்குள் விடமாட்டார்கள் என்பதால் எல்லாம் அங்கேதான் கிடக்கும். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். யாருக்கு யார் துணை என்று நான் கேட்கவில்லை.

அவள் நேராக டிரைவர்களிடம் போகவில்லை. பச்சை வண்டி ஒவ்வொன்றையும் சுற்றி வந்து, குனிந்து டயரைப் பார்த்தாள்.

"எதுக்குக்கா இது?"

"சம்பளம் எப்படின்னு ஆளுங்ககிட்டக் கேட்டுக்கலாம்டா. ஓட்டறவன் உயிர் மேல முதலாளிக்கு அக்கறை இருக்கான்னு டயரைப் பார்த்தாத்தான் தெரியும்."

டயரெல்லாம் நன்றாக இருந்தன. அவள் முகம் மலர்ந்தது. இப்படி வண்டி வண்டியாகக் குனிந்து பார்க்கிறோமே, இதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

கடைசி வண்டிக்கு அடியில் துணித் தொட்டில் கட்டி ஒருவர் படுத்திருந்தார். நரைத்த தாடி வயிறு வரை கிடந்தது. அக்கா, "அண்ணே, ஒரு விஷயம் கேக்கணும்," என்றாள்.

"நான் தூங்கறேன்மா," என்றார் தாடிக்காரர், கண்ணைத் திறக்காமலே.

பேட்டைக்குள்ளேயே இருந்த டீக்கடை பெஞ்சில் இன்னொரு பச்சை வண்டி டிரைவர் இருந்தான். கறுப்புக் கண்ணாடி, சின்ன வயசு, நல்ல வாய். அக்கா வந்த விஷயத்தைச் சொல்லி, கம்பெனி எப்படி என்று கேட்டதும் மடை திறந்த மாதிரி கொட்டினான்.

"சம்பளம் தேதி தவறாதுக்கா. லீவு கேட்டா மூஞ்சியைச் சுளிப்பாங்க, ஆனா குடுத்துடுவாங்க. வண்டி ரிப்பேர்னா நம்ம தலையில கட்டமாட்டாங்க. தைரியமா வாங்க."

நான் கூட, காரியம் கைகூடிவிட்டது என்று இன்னொரு டீ சொன்னேன். அப்போதுதான் அக்கா அதைக் கேட்டாள்.

"ஏன் தம்பி, ராத்திரி எந்த ரூட்ல போவீங்க? எங்க நிறுத்தித் தூங்குவீங்க?"

அவன் வாய்க்குக் கொண்டுபோன கிளாஸ் பாதி வழியில் நின்றது. கண்ணாடியைக் கழற்றினான்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

எதற்குக் கேட்டாள்? டேங்கர் ஓட்டியவள் தினமும் வீட்டில் வந்து தூங்கியவள். வெளியூர் வண்டியில் ஒரு பெண் எங்கே, எப்படிக் கண்ணை மூடுவது என்பது அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவ்வளவுதான். ஆனால் சரக்கு வண்டிக்காரர்கள் சம்பளத்தைச் சொல்வார்கள், வீட்டுச் சண்டையைக்கூடச் சொல்வார்கள், எங்கே நிறுத்தித் தூங்குவோம் என்பதை மட்டும் வெளி ஆளிடம் மூச்சு விடமாட்டார்கள். அதைத் தெரிந்துகொள்ள வருகிறவன் திருடனுக்கு உளவு பார்ப்பவன். சமீபத்தில்தான், டிரைவர் அசந்து தூங்கும்போது ஒரு பச்சை வண்டியின் தார்ப்பாயைக் கிழித்துப் பாதிச் சரக்கை இறக்கியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு ஆணும் பெண்ணும் வந்து பேட்டையில் பேச்சுக் கொடுத்தார்களாம். அக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? டேங்கரில் இருந்தது தண்ணீர். அதை யார் வந்து திருடப் போகிறார்கள்?

"கேட்டைச் சாத்துங்கடா!" என்று கத்தினான் கண்ணாடிக்காரன்.

எங்கிருந்துதான் வந்தார்களோ, எங்களைச் சுற்றி ஆள் கூடிவிட்டது. என் பைக் சாவி யார் கைக்குப் போனது என்றே தெரியவில்லை. தூங்குவதாகச் சொன்ன தாடிக்காரரும் எழுந்து வந்து நின்றார்.

"டயர் டயரா ரெண்டு ஜோடிக் கால் போச்சு. படுத்துக்கிட்டே பார்த்தேன்," என்றார் நிதானமாக.

அக்கா லைசென்ஸை எடுத்து நீட்டினாள். கண்ணாடிக்காரன் அதைத் தொடக்கூட இல்லை.

"இதெல்லாம் யார் வேணா அடிச்சுக்கலாம்."

சும்மா இருந்திருக்கலாம் நான். "ஐயா, நாங்க கௌரவமான குடும்பம். நான் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன்," என்றேன்.

"அப்போ நீதான் அடிச்சுக் குடுத்தியா?"

கூட்டம் சிரித்தது, ஆனால் கலையவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

"ஆபீஸுக்குப் போன் போடறேன். அவங்க வந்து பேசிக்கட்டும்," என்று கண்ணாடிக்காரன் போனை எடுத்தான். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. யாராவது அவளை அடித்திருந்தால்கூட அப்படிப் பதறியிருக்க மாட்டாள்.

"தம்பி, ஆபீஸுக்கு வேணாம். திருட்டுன்னு ஒரு வார்த்தை அங்க போயிடுச்சுன்னா அப்புறம் நான் அந்த வாசல் பக்கமே போக முடியாது."

"பார்த்தீங்களா, ஆபீஸ்னதும் பயம் வருது!"

தாடிக்காரர் கையைத் தூக்கினார். அவர் பேச்சுக்கு அங்கே மரியாதை இருந்தது. அடங்கினார்கள். இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து அக்கா கையில் வைத்தார்.

"டிரைவருன்னு சொல்றே. சரி. என் வண்டியைப் பின்னாடி எடுத்துச் சுவரோரமா நிறுத்து."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. பூனைகூடத் திரும்ப முடியாத சந்துகளில் டேங்கரைப் பின்னால் எடுத்தவள் இவள். கூட்டம் வழிவிட்டது. வண்டியருகே போனாள், கைப்பிடியைப் பிடித்தாள். இடது கால் ஒருமுறை தரையை அழுத்தியதை நான் பார்த்தேன். ஏறப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து பின் டயர்களைப் பார்த்தாள். பாரத்தில் அமுங்கியிருந்தன.

திரும்பி வந்து சாவியை நீட்டினாள்.

"என்னால முடியாதுண்ணே."

"சொன்னேன்ல!" என்று குதித்தான் கண்ணாடிக்காரன்.

எனக்கு வந்த கோபத்தில் அவள் காதருகே போய், "ஏறி ஓட்டித் தொலையேன்க்கா!" என்றேன். பயத்தில் குரல் கீச்சென்று வந்தது. அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

"ஓட்டத் தெரியாம இல்ல," என்றாள் தாடிக்காரரிடம். அவள் குரலும் நடுங்கியது. "லோடு ஏத்தின வண்டி. உங்களை நம்பிக் குடுத்திருக்காங்க. கம்பெனி இன்னும் என்னைத் தொடச் சொல்லல. ஒரு கீறல் விழுந்தாலும் நீங்கதானே பதில் சொல்லணும்? என் வண்டியா இருந்தா நான் யார்கிட்டயும் சாவியைக் குடுத்திருக்கமாட்டேன். நீங்களும் குடுத்திருக்கக் கூடாது."

உதவி கேட்டு வந்த இடத்தில், பெரிய மனுஷனுக்கு, அவர் ஆட்கள் முன்னாலேயே புத்தி சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

தாடிக்காரர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கண்ணாடிக்காரனிடமிருந்து போனை வாங்கி அவரே ஆபீஸுக்குப் போட்டார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பு வலித்தது.

"சார், நான்தான். பேட்டையிலதான் இருக்கேன். இல்ல, பிரச்சினை ஒண்ணுமில்ல. ரெண்டாவது ஆளா ஒருத்தரைக் கூட்டிட்டுப் போறேன், பேரைச் சேர்த்துக்குங்க. ஆமா சார், அந்தம்மாதான்... நான்தான் சொல்றேன்ல."

அக்கா அழுதுவிட்டாள். நானும்தான். என் பைக் சாவி திரும்பி வந்தது. கண்ணாடிக்காரன் என் ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டு வேறு வாங்கிக் கொடுத்தான்.

"சாயங்காலம் கிளம்பறோம். வீட்டுல சொல்லிட்டு வந்துடு," என்றார் தாடிக்காரர். "எந்த ரூட்டு, எங்க தூங்கறதுன்னு கேட்டியே, வா சொல்றேன்." அப்புறம் என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். இன்னும் கொஞ்சம் என்று கை காட்டினார். தண்ணீர்க் குழாய் வரை போனேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லச் சொல்ல, அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

இப்போது அவள் பச்சை வண்டியைத் தனியாக ஓட்டுகிறாள். அவள் போயிருக்கும் இரவுகளில் மகள் போன் போட்டு, "அம்மா இப்ப எங்க தூங்கறாங்க, மாமா?" என்று கேட்கும். எனக்குத் தெரியாது. அத்தானுக்கும் தெரியாது. ஒருநாள் பொறுக்காமல் அக்காவிடமே கேட்டேன்.

"வெளி ஆளுங்ககிட்டச் சொல்லக் கூடாதுடா," என்றாள்.

கூடப் பிறந்த தம்பி, வெளி ஆளாம்.