எந்தப் படத்துப் பாட்டு?

ஹாம்பர்க்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடி பாட்டில்களை வீசக்கூடாது. தெருமுனையில் அதற்கென்று ஒரு பெரிய இரும்புத் தொட்டி நிற்கிறது. அதன் வட்டமான வாயில் பாட்டிலைப் போட்டால் உள்ளே விழுந்து உடையும். வந்த புதிதில் ஒரு ஞாயிறு காலை, ஊறுகாய் பாட்டில்களையும் ஜாம் பாட்டில்களையும் பையில் சுமந்துபோய் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நரைத்த தலையுடன் ஒரு பெண்மணி எட்டிப் பார்த்து, "ஹொய்ட்ட இஸ்ட் சொன்டாக்!" என்றார். இன்று ஞாயிற்றுக்கிழமை. மொழி வகுப்பில் அப்போதுதான் கிழமைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு முழு வாக்கியம் புரிந்துவிட்ட சந்தோஷத்தில், "யா, ஷோனர் சொன்டாக்!" ஆமாம், அழகான ஞாயிறு என்று கையசைத்துவிட்டு மீதி பாட்டில்களையும் போட்டு முடித்தேன். அந்த அம்மா என்னைத் திட்டினார் என்பதை வீட்டுக்கு வந்தபின் என் கணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இங்கே ஞாயிறு என்றால் 'ரூஹெ'. ஓய்வு, அமைதி இரண்டுக்கும் அந்த ஒரு சொல்தான். அதைக் கலைத்தால் போலீசைக்கூடக் கூப்பிடலாம்.

ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். நான் பிறந்து வளர்ந்த திருவொற்றியூர்க் கடற்கரைத் தெருவில் அமைதி என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி ஹாரன் அடிக்கும். எண்ணூர் பக்கம் ஏதாவதொரு கம்பெனியின் சங்கு ஊதும். கல்யாணமோ சாவோ மைக்செட் பாடும். எல்லாவற்றுக்கும் அடியில் கடல். அந்தச் சத்தங்களுக்கு நடுவில்தான் என் அண்ணன் சேகர் தன் பாட்டுகளைப் பதிவுசெய்தான்.

அண்ணன் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் காண்டிராக்ட் ஃபிட்டராக இருந்தான். எங்கள் அப்பா கட்டுமரத்தில் போனவர். அண்ணனுக்குக் கடல் பிடிக்காது, கிடார்தான் பிடிக்கும். பர்மா பஜாரில் யாரோ கப்பல்காரர் விற்றுவிட்டுப் போன ஒரு பழைய ரெக்கார்டரை வாங்கிவந்தான். ஒரே டேப்பில் நான்கு தடவை தனித்தனியாகப் பதிந்து சேர்த்துக் கேட்கலாம். முதலில் கிடார் வாசிப்பான். அதைக் காதில் கேட்டபடியே பிளாஸ்டிக் டிரம்மைத் தட்டுவான். பிறகு சின்ன கீபோர்டு. கடைசியில் பாட்டு. பாட்டை எழுதுவதும் அவன்தான், வாசிப்பதும் அவன்தான், பாடுவதும் அவன்தான். வாசல் அறையின் சுவர்களில் கோணிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தான், வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க. ஆனாலும் வந்தது.

பாட்டுகள் எல்லாம் எங்கள் பேச்சில் இருக்கும். கானாவும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடங்களைப் பற்றி ஒன்று, ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் நின்றபடியே தூங்குபவனைப் பற்றி ஒன்று. எனக்கு மிகவும் பிடித்தது இது:

கப்பலு வருது கப்பலு போவுது
எங்க வூட்டாண்ட எதுவும் நிக்கல

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நல்லாகீதே சேகரு. எந்தப் படத்துப் பாட்டு?" எந்தப் படமும் இல்லை, நானே போட்டது என்று அவன் சொன்னதும் முகங்களில் இருந்த ஆர்வம் வடிந்துவிடும். படத்தில் இல்லாத பாட்டை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தி.நகரில் ஒரு கேசட் கம்பெனிக்காரர் மட்டும் முழுதாகக் கேட்டார். டியூன் பிரமாதம், இந்தப் பாஷையை மட்டும் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார். அண்ணன் திரும்பி வந்து, "காமெடியன் பேசுனா கைதட்றானுங்கோ, நான் பாடுனா மாத்துன்றானுங்கோ" என்றான். அன்று அவன் சாப்பிடவில்லை.

கல்யாணமாகி நான் ஹாம்பர்க் வந்த பிறகுதான், அவனே சொந்தமாகச் சில நூறு கேசட்டுகள் போட்டான். அட்டையில் கிடாரோடு அவன் படம். ஒன்று அனுப்பிவை என்று போனில் கேட்டேன்.

"பார்சல்லாம் அனுப்ப மாட்டேன். நீ வா, வந்து ஒக்காந்து கேளு."

"எப்ப வருவேன்னு தெரியாதே அண்ணே?"

"கேசட்டு எங்க போவப் போவுது? இங்கதான் கெடக்கும்."

முதல் வருடம் விசா, அடுத்து என் மகளின் பிறப்பு, பிறகு முதியோர் இல்லத்தில் கிடைத்த வேலையில் விடுப்பு எடுக்க முடியாத நிலை. போனில் அவ்வப்போது இரண்டு வரி பாடிக் காட்டுவான். கடைகளில் வைத்த கேசட்டுகள் அப்படியே திரும்பி வந்தன. தேவி அண்ணிதான் இதைச் சொன்னாள். "கேக்கறவங்களுக்கெல்லாம் சும்மாவே குட்த்துகினு கீறாரு உங்க அண்ணன். காலியானா போதும்னு."

பிறகு ஒருநாள் அண்ணியின் குரல் வேறு மாதிரி வந்தது. "கௌரி, அண்ணனுக்குத் தொண்டையில கட்டிம்மா. குரலே எட்த்துடணும்ன்றாங்கோ."

குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மழைக்காலத்தில்தான் கடல் எங்கள் தெருவைத் தின்றது. வருடாவருடம் நெருங்கிவந்த கடல்தான். எங்களுக்கு முன்னால் இருந்த வரிசை வீடுகள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. அந்த முறை எங்கள் வாசல் அறையின் சுவர் விழுந்தது. அண்ணி, அண்ணனோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து கேஸ் சிலிண்டரை, பாத்திரங்களை, பீரோவை வெளியே இழுத்துப் போட்டார்கள். ரேஷன் கார்டைக்கூட யாரோ நினைவாக எடுத்திருக்கிறார்கள். ரெக்கார்டரையும் டேப்புகளையும் கேசட் பெட்டியையும் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததில் தவறும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் தேரடிக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அண்ணன் கழுத்தில் ஈரத்துணி கட்டி உட்கார்ந்திருந்தான். துணிக்குக் கீழே இருந்த துளை வழியாகத்தான் மூச்சு. என்னைப் பார்த்ததும் உதடுகள் 'கௌரி' என்று அசைந்தன. காற்றுகூட வரவில்லை. அண்ணியைக் கூப்பிட வேண்டுமென்றால் கைதட்டுவான். அவன் மடியில் மகள் ஜோதி. நடக்கத் தொடங்கியிருந்த குழந்தை. கைதட்டினால் அவளும் தட்டிச் சிரிப்பாள். அப்பா விளையாடுகிறார் என்று நினைப்பு.

அண்ணி என்னைக் குழாயடிக்கு அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னாள். "சரியா சோறு துன்றது இல்ல. ஒரு தபா வூடு இருந்த எடத்துக்குப் போயி இடுப்பளவு தண்ணில நின்னுகினு இருந்தாரு. அந்த ஓட்டைக்குள்ள தண்ணி பூந்தா அவ்ளோதான். நான்தான் போயி இஸ்த்தாந்தேன்." என் கையை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். "எங்கனா ஒரு கேசட்டு இருக்கும் கௌரி. தேடிக் குட்த்துடு. இந்தப் புள்ள அப்பன் கொரல கேட்டதே இல்லன்னு ஆயிடும்."

தேடினேன். எளிது என்றுதான் நினைத்தேன், ஊர் முழுக்கக் கொடுத்திருக்கிறானே. முதலில் ராயபுரத்தில் ஒரு டீக்கடை. அலமாரியில் அண்ணன் படம் போட்ட அட்டையே இருந்தது. வாங்கிப் போட்டால் சினிமாப் பாட்டு. யாரும் அழித்துப் பதியாமலிருக்கக் கேசட்டின் முதுகில் விட்டிருந்த துளைகளில் காகிதம் அடைத்து, அதன் மேலேயே பதிந்திருந்தார்கள். அடுத்து, அண்ணனோடு படித்த ஆட்டோக்காரர் பாபு. "இன்னா கௌரி, சேகரு கேசட்டு இல்லாம என் வண்டியா?" என்று உற்சாகமாக டேப்பைத் தட்டினார். அம்மன் பாட்டு வந்தது. அவருக்கே முகம் கறுத்துவிட்டது. "டேப்பு நல்ல டேப்பும்மா. என் சம்சாரம் அதுமேலயே அடிச்சிட்டா போல" என்றவர், அன்று முழுக்க எங்கேயும் சவாரி எடுக்காமல் என்னை ஏற்றிக்கொண்டு சுற்றினார். ஐஸ் ஃபேக்டரி, லேத் பட்டறை, சலூன். எங்கும் அண்ணனின் முகம் இருந்தது. எதிலும் அவன் இல்லை. தொலைந்துபோயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒவ்வொரு வீட்டிலும் பத்திரமாக இருந்தது, உள்ளே மட்டும் அழிக்கப்பட்டிருந்தது. கடைசியில் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து நான் வாய்விட்டு அழுதேன். பாபு வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

காசிமேட்டில் மீன் விற்கும் லோகம்மாவைப் பற்றி அவர்தான் சொன்னார். ஏலம் முடிந்து கூடையை அடுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மா, கேள்வியைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினார்.

"கீது. ஆனா அதுல நான் பேசி வச்சிகீறேனே. எம் புள்ள தோஹாவுல கீறான். அவனுக்கு அனுப்பலாம்னு வூட்ல எல்லாரும் பேசனோம். எட்த்துனு போறன்னவன் ஏமாத்திட்டுப் போய்ட்டான்."

வீட்டில் போட்டுக் கேட்டோம். மகனே, தங்கச்சிக்கு வரன் பார்க்கிறோம், உனக்கு வயிறு ஒத்துக்கொள்கிறதா, அங்கே மீன் கிடைக்கிறதா என்று லோகம்மா பேசிக்கொண்டே போனார். "சரிடா நைனா, ஒடம்ப பாத்துக்கோ" என்றதோடு ஒரு கிளிக். அடுத்த நொடி, பாட்டின் நடுவிலிருந்து, என் அண்ணன். கப்பல் பாட்டின் கடைசிப் பகுதி. இரண்டு தடவை பல்லவி, கொஞ்சம் கிடார், அதன் பின்னால் அலைச்சத்தம், அவ்வளவுதான். பக்கம் முடிந்துவிட்டது. லோகம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, இது பாட்டு கேசட்டுன்னே மறந்துட்டேனே." பிறகு கேசட்டை எடுத்து என் கையில் வைத்து மூடினார். "எட்த்துனு போம்மா. காப்பி போட்டுக்கோ. நான் பேசனத மட்டும் அழிச்சிடாத."

அன்று சாயங்காலம் பாபுவின் வீட்டு டேப்பை வாங்கிக்கொண்டு போய் அண்ணன் முன்னால் வைத்தேன். லோகம்மாவின் பேச்சைக் கேட்டு அவன் புரியாமல் என்னைப் பார்த்தான். கிளிக் வந்தது. அவன் குரல் வந்தது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அழவில்லை. நெற்றியைச் சுருக்கினான், கையை வேகமாக ஆட்டி நிறுத்தச் சொன்னான். கோபப்படுகிறான், வேண்டாமென்கிறான் என்று பயந்துவிட்டேன். அவன் எழுந்துபோய் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்தான். டேப்பின் பின்மூடியைக் கழற்றி, மோட்டாரின் முதுகில் இருந்த துளைக்குள் விட்டான். மீண்டும் ஓட்டச் சொன்னான். மெஷின் வேகமாக ஓடியிருக்கிறது. அதனால் அவன் குரல் கொஞ்சம் கீச்சென்று வந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்தது. முடியளவுக்குத் திருப்பித் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பாட்டு மெல்ல இறங்கி அவன் குரலுக்கு வந்து நின்றது. நான் போனில் கேட்ட குரல், அதே கரகரப்பு. பிறகு ஜோதியை மடியில் இருத்தி, அவள் உள்ளங்கையை ஸ்பீக்கர் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டான். அவள் கையடியில் அவன் பாடினான். அதோடு அவன் உதடுகளும் சேர்ந்து அசைந்தன.

முடிந்ததும் என்னைப் பார்த்தான். சத்தமில்லாத அந்த வாய் கேட்டதை நான் தெளிவாகவே படித்தேன். "அவ்ளோதானா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

அடுத்த பொங்கலுக்கு முன் அவன் போய்விட்டான். டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர முடியாத நாட்கள் அவை. தூக்குவதற்கு முன் பாபு அந்தக் கேசட்டை மைக்செட்டில் போட்டாராம். கூட்டத்தில் ஒருவர், எந்தப் படத்துப் பாட்டு என்று கேட்டிருக்கிறார். "படத்துல வரல. எங்க வூட்டுக்காரரு பாட்டு" என்றாளாம் அண்ணி. இதைச் சொல்லும்போது போனில் அவள் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. அதற்குப் பிறகுதான் உடைந்தாள்.

என்னிடம் இருப்பது லோகம்மாவின் கேசட்டிலிருந்து எடுத்த ஒரு பிரதி. முதியோர் இல்லத்து ஓய்வறையில் ஒருநாள் மெதுவாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, உடன் வேலைசெய்யும் இங்கிரிட் வந்து உட்கார்ந்தாள். பிரார்த்தனையா என்று கேட்டாள். இல்லை, பாப் என்றேன். பாடுபவர் பிரபலமா என்றாள். "யா. பை உன்ஸ் சு ஹவுஸ" என்று சொன்னேன். எங்கள் வீட்டில் என்று நினைத்துத்தான் சொன்னேன். அந்தச் சொற்களுக்கு எங்கள் நாட்டில் என்றும் பொருள் உண்டு. அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். இந்தியா முழுவதும் தெரிந்த பாடகரின் தங்கை என்று மறுநாள் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

அண்ணனின் முதல் வருட நினைவு நாளில், படையல் முடித்துவிட்டு அண்ணி போன் செய்தாள். "இரு, பாட்டு வக்கிறேன்" என்று அவள் ரிசீவரை டேப்பின் பக்கத்தில் வைத்தாள். அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று நானும் சமையலறையில் என் பிரதியை ஓடவிட்டேன். எவ்வளவோ முயன்றும் இரண்டும் சேரவில்லை. கடல் தாண்டி வரும் குரல் எப்போதும் ஒரு சொல் பிந்தியே வந்தது. ஒரு காதில் திருவொற்றியூரில் அண்ணன் 'கப்பலு வருது' என்று தொடங்கும்போது, மறு காதில் ஹாம்பர்க்கில் அவன் 'கப்பலு போவுது' என்று முடித்துக்கொண்டிருந்தான். எந்தக் குரலோடு சேர்ந்து பாடுவது என்று தெரியாமல், வாயைத் திறந்தபடி நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.