தவலைக்குள்ளே என் அம்மா பேர்

விழுப்புரத்துப் பாத்திரக்கடையில் பேர் வெட்டும் மெஷின் கிர்ரென்று இரைகிறது. நான் பழைய பித்தளைக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு தவலைக்குள்ளும் கையை விட்டுத் தடவுகிறேன். மருமகள் நேற்று என் தவலையை இங்கே போட்டுவிட்டுக் குக்கர் வாங்கி வந்துவிட்டாள்.

அந்தத் தவலையில் என் அம்மா அஞ்சலையின் பேரை உளியால் வெட்டியவர் திண்டிவனத்துப் பெரியவர் ஒருவர். அம்மா செத்த மறு வருஷம் சின்னம்மா வந்தாள். அப்பா தவலையை அவரிடமே தூக்கிக்கொண்டு போனார்; நானும் கூடவே ஓடினேன்.

"பழைய பேரை ராவிட்டு இவ பேரை வெட்டுங்க. ஜல்தி."

அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. தவலையைக் கட்டிக்கொண்டு நான் விடவே இல்லை. அப்பா பீடி வாங்கப் போனதும் பெரியவர் குனிந்தார்.

"அழுவாத பாப்பா. உங்கப்பா ராவச் சொன்னது வெளியதான். உள்ள கைய வுட்டுப் பாரு."

உள்ளே அம்மா பேர் புள்ளி புள்ளியாகப் புடைத்துக்கொண்டு நின்றது. தகட்டின் மறுபக்கம் வரைக்கும் பேசுகிற அடி அது. அப்படி வெட்ட அந்த ஊரில் வேறு கை இல்லை. சின்னம்மா பேரை அவர் லேசாகத்தான் வெட்டினார்; அது எப்போதோ தேய்ந்துபோனது. நான் உருப்படியாகப் படித்தது அந்த நாலு எழுத்துதான், அதுவும் விரலால்.

"பாட்டிம்மா, உருக்கறதுக்கு லாரி வந்துடுச்சி. பேரே இல்லாத தவலைய எப்படிக் கண்டுபுடிப்பீங்க?" என்கிறார் கடைக்காரர்.

"லாரி நிக்கட்டும். எங்கம்மாவத் தேடிக்கினு இருக்கேன்."

இன்னும் மூன்று தவலைகள்தான் பாக்கி. ஒன்றுக்குள் கையை விடுகிறேன். வழவழவென்று இருக்கிறது. இது இல்லை; அடுத்ததை இழுக்கிறேன்.