ஜுரம் விட்டபின் வைக்கும் வெந்நீர்

"அக்கா போயிட்டாங்க" என்று சிதம்பரத்திலிருந்து டாக்டரம்மாவின் தம்பி தொலைபேசியில் சொன்னபோது, கண்ணாடித் துண்டில் ஒரு ரத்தத் துளியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் வைக்க மனம் வரவில்லை. வைத்திருந்தால் அவரே திட்டியிருப்பார்: "அப்புறம் அழுதுக்கலாம், வேலையப் பாரு."

டாக்டர் தில்லைநாயகி மஞ்சக்குப்பத்தில் நடத்திய சிறிய மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்பவன் நான். அவர் ஓய்வெடுத்துச் சிதம்பரம் போன பிறகும் அங்கேதான் இருக்கிறேன். அவருக்கு அஞ்சலி செலுத்த இங்கே கூடியிருக்கும் நம்மில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் யார்? வாங்கியவர்கள்தான் மறுபடியும் அவரையே தேடி வந்தோம்.

மீனவர் சேகரை உங்களில் பலருக்குத் தெரியும். மங்களூர்ப் படகில் வேலை பார்த்துவிட்டுக் காய்ச்சலோடு ஊர் திரும்பியிருந்தார். பரிசோதனையில் டைபாய்டு என்று தெரிந்து, மருத்துவமனையிலேயே படுக்கவைத்து ஊசி போட்டுவந்தோம். ஒருநாள் காலை உடம்பு குளிர்ந்திருந்தது. ஜுரம் விட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றித்தானே வீட்டுக்கு அழைத்துப்போவோம்? நிறைமாதக்காரி, அவர் மனைவி செல்வி, மருத்துவமனைக் கொல்லையில் வெந்நீரே வைத்துவிட்டார்.

"வுட்டுடுச்சும்மா. ஊத்தி இட்டுகினு போறேன்."

"உங்கிட்ட சொல்லிட்டுப் போச்சாக்கும்!" டாக்டரம்மா அடுப்பை அணைத்தார். "முந்தாநாளும் விட்டுது. நேத்து நடுங்கலையா? ஏம்பா, மங்களூர்ல கொசுவலை கட்டிப் படுத்தியா?"

சேகர் சிரித்தார். "அங்க வலையெல்லாம் மீனுக்குத்தாம்மா."

அடுத்து நடுங்கும்போது மலேரியாவுக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. அதான் டைபாய்டு தெரிந்துவிட்டதே என்றேன். "ஒரு ஜுரம் இருக்கிற உடம்புக்கு இன்னொண்ணு வரக்கூடாதுன்னு சட்டமா?"

மறுநாள் நடுக்கம் வந்தது. அப்போது எடுத்த ரத்தத்தில் மலேரியாவும் இருந்தது. முந்தின நாளே கிளம்பியிருந்தால் அந்த நடுக்கம் வீட்டில் வந்திருக்கும். பழைய டைபாய்டுதான் என்று எல்லோரும் காத்துக்கிடந்திருப்பார்கள். நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.

இரண்டுக்கும் மருந்து கொடுத்து, இரண்டும் போன பிறகு டாக்டரம்மாவே அடுப்பைப் பற்றவைத்தார். "இப்ப ஊத்துடி, தாராளமா." அன்று செல்வியின் வயிற்றிலிருந்த பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

சிதம்பரத்தில் மயானத்திலிருந்து திரும்பி, சேகரும் நானும் ஒரே குழாயடியில் குளித்தோம். "அன்னிக்கு அவுங்க சொன்னப்புறம் ஊத்திகினேன். இன்னிக்கு அவுங்களுக்காவ ஊத்திக்கிறண்ணே" என்று அழுதார். நானும் அழுதேன்.

டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். காய்ச்சலுக்கு ஒரு பெயர் கிடைத்த பிறகும் இன்னொரு கண்ணாடித் துண்டை எடுப்பேன். செய்தி வந்தபோது கையிலிருந்ததும் அதுதான்; டைபாய்டு வந்த ஒரு பெண்ணின் ரத்தம். மலேரியா இல்லை. நேற்று அந்தப் பெண்ணுக்கு ஜுரம் விட்டது. இன்றும் ஜுரம் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு வெந்நீர் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.